போட்டாச்சு, கேட்டாச்சு

இல்ல சார், நானே கேக்குறேன். ஒரு பானைக்கு எத்தன தடவ சார் உப்பு போடுவாங்க? ஒரு தடவ. சரி, கை பத்தலன்னா ஒண்ணேகால் தடவ. மூணு தடவயா போடுவாங்க? அதுவும் மூணு பேரு தனித்தனியா வந்து, ஓட்டுப் போடுற மாதிரி ரகசியமா!

உக்காருங்க சார், இந்த மேசை ஆடாது. சூப்பு வந்துரும். நீங்க வரும்போது நல்லா கொதிச்சுட்டிருந்துச்சு. உப்புக் கரண்டிய கையில எடுத்தேன், வீட்டுக்காரிதான் புடுங்கிக்கிட்டா. "ஆபீசர தனியா உக்கார வைக்காதீங்க, உப்ப நான் பாத்துக்கறேன், போங்க"ன்னு தள்ளி விட்டா.

ஆமா சார், ஆபீஸ்லேந்து ஒருத்தர் நோட்டுப் புத்தகத்தோட வந்து கேன்டீன்ல உக்காந்தா அது பசிக்கு வந்ததில்லன்னு தெரியாதா எனக்கு? புகார் போயிருக்கு. நீங்க ருசி பாத்து சரின்னு எழுதினா நாங்க இருப்போம். இல்லாட்டி அடுத்த மாசம் வேற ஆளு. உள்ள இருக்குறது வீட்டுக்காரி, அவ தம்பி, காய் நறுக்குற எங்க பெரியம்மா. என்னையும் சேத்து ஒரே குடும்பம். கான்ட்ராக்ட் போச்சுன்னா நாலு பேரும் ஒரே வீட்ல, ஒரே நேரத்துல, சும்மா உக்காந்திருக்கணும். அதுக்குத்தான் சார் எனக்குப் பயமே.

புகார் போன அன்னிக்கு என்னாச்சுன்னா... பெரியம்மா வந்து பாத்தாங்க, யாரும் போட்ட மாதிரி தெரியல, போட்டுட்டாங்க. மச்சான் வந்தான், போட்டான். வீட்டுக்காரி, "இந்த வீட்ல நான் செய்யலன்னா எது நடக்குது"ன்னு சொல்லிக்கிட்டே போட்டா. நூத்தி நாப்பது பேரு சார் தையல் பிரிவுல. மத்தியானம் பூரா மெஷின் சத்தத்த விட தண்ணி குடிக்கிற சத்தம்தான் ஜாஸ்தி. உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்கள்ல? மூணு பேரு இட்டா யார சார் நினைக்கிறது? எல்லாரும் என்னத்தான் நினைச்சாங்க. நல்லவிதமா இல்ல.

இதுல வேடிக்க என்னன்னா, அதுக்கு முந்தின வாரம் யாருமே போடல! அடுத்தவங்க போட்டிருப்பாங்கன்னு மூணு பேருக்கும் அம்புட்டு நம்பிக்க. குடும்பம்னா நம்பிக்கதானே சார்.

சரி, ஒரு வழி பண்ணுவோம்னு மொதல்ல சிலேட்டு வச்சேன். போட்டவங்க ஒரு கோடு கிழிக்கணும். ஈரக்கை பட்டு அழிஞ்சுது. அப்புறம் மூடியில செவப்புத் துணி கட்டச் சொன்னேன். பானை சூடா இருக்குன்னு மச்சான் அந்தத் துணியாலயே பானைய எறக்கிட்டு, துணிய தோள்ல போட்டுக்கிட்டு போய்ட்டான். நல்லவன் சார், ஆனா துணின்னு இருந்தா தோள்ல போட்டுருவான்.

கடைசியா நானே யோசிச்சு ஒரு சட்டம் போட்டேன். போட்டவங்க வாய் விட்டுச் சொல்லணும். சொன்னது காதுல விழுந்துச்சுன்னு மத்தவங்க திருப்பிச் சொல்லணும். தலையாட்டக் கூடாது! நாங்க தலையாட்டியே நாசமாப் போன ஆளுங்க. இப்ப பாருங்க, இங்கேந்தே காட்டுறேன்... உப்பு போட்டாச்ச்ச்சு!

கேட்டீங்களா? "கேட்டாச்சு", "கேட்டாச்சு", "கேட்டாச்சு". மூணு குரல். கடைசியில வந்தது பெரியம்மா, அவங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம், அவங்களுக்கே கேட்டுருச்சுன்னா பாருங்க. மூணு வாரமா ஒரு தப்பு இல்ல சார்!

இந்தா, சூப்பு வந்துருச்சு. குடிங்க, குடிங்க. ஊதிக் குடிங்க.

...என்ன சார்? சூடா? இல்லயா... மொகம் ஒரு மாதிரி... அந்தக் கரண்டிய இப்படிக் குடுங்க, நான் ஒரு வாய்...

ஐயய்யோ.

ஏய்! உள்ள! உப்பு போட்டியா இல்லயா? ...என்னது? ...நானா? நான் எப்ப...

ம்.

சார், அவ என்ன சொல்றான்னா, கரண்டிய எடுத்துட்டாளாம். அந்த நேரம் பாத்து நான் போட்டாச்சுன்னு கத்துனேனாம். சரி, மனுஷன் ஏற்கெனவே போட்டுட்டாரு போலன்னு கரண்டிய வச்சுட்டாளாம். கேட்டாச்சுன்னும் சொன்னாளே, நம்ம ரெண்டு பேரும்தானே கேட்டோம். சட்டம் சரியா வேல செஞ்சிருக்கு சார். சட்டம் போட்ட ஆளுதான் சரியில்ல.

ஒரு நிமிஷம் சார், மணி அடிச்சா நூத்தி நாப்பது பேரும் வந்துருவாங்க. ஏய், யாராவது உப்ப... இல்ல இல்ல இல்ல! யாராவது இல்ல! நீ போடு! நீ மட்டும்! மச்சான், கைய எடு! பெரியம்மா, நீங்க காயப் பாருங்க!

...சொல்லிட்டா. கேட்டாச்ச்சு! அப்பாடா.

சார்... மேசை உப்ப எடுத்து நீங்களே போட்டுக்கிட்டீங்களா? மறுபடி குடிக்கிறீங்க... கிண்ணம் காலி. சரி, எழுதுங்க, நான் பாக்கல. ஆனா ஒண்ணு சார், எழுத்து தலகீழா இருந்தாலும் நான் படிச்சுருவேன். ராத்திரிப் பள்ளிக்கூடத்துல ஒரே புத்தகம், எதிர் பெஞ்சுதான் எனக்கு.

"உப்பு... இல்ல. பேச்சு... அதிகம். மத்ததெல்லாம்... சரி. தொடரலாம்."

தொடரலாமா! ஏய், உள்ள! தொடரலாமாம்!

...கேட்டீங்களா சார்? மூணு குரல்.