எட்டாம் மாதத்து மஞ்சள்காமாலை

செவ்வாய்க்கிழமை. காலை பத்தேகால். தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டில் டாக்சி நிற்கிறது. முன்னால் டெம்போ. பின்னால் ஓயாத ஹாரன். மும்தாஜின் தலை என் மடியில். அவளுக்கு எட்டு மாதம். எனக்கு ஏழு.

"ஹட்டோ! ஹட்டோ! வழி விடுங்க!" முன் சீட்டிலிருந்து அவள் கணவர் ரஃபீக் கத்துகிறார்.

மும்தாஜ் கண் திறக்கிறாள். வெள்ளை முழுதும் மஞ்சள்.

"ஏட்டி, என்னைத் தெரியுதா? நான்தாம்ட்டி, செல்வி."

அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி அவள். நான்கு வருடமாக ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறோம்.

அந்தக் குழாய்தான். மழைக்குப் பிறகு சாக்கடை நாற்றம் அடித்தது. முதல் இரண்டு குடத்தைக் கொட்டினோம். மூன்றாவது தெளிந்தது. குடித்தோம். ஒரு மாதம் கழித்து அவளுக்கு வாந்தி. பிறகு மஞ்சள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன். நான்தான் கொடுத்தேன். நான்கு நாள் போய்விட்டது. எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. மாசமாக இருப்பதால் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரி. ஸ்ட்ரெச்சர் சக்கரம் கிறீச்சிடுகிறது. அவளை உள்ளே தள்ளிப் போனார்கள். தமிழ் பேசும் டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் அதே தண்ணியா? கண்ணைக் காட்டுங்க."

கீழிமையை இழுத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

அவளைச் சேர்க்க வந்தவள் அடுத்த கட்டிலில் படுத்தேன்.

ரத்தப் பரிசோதனை முடிவோடு டாக்டரம்மா வந்தார். "ஹெபடைடிஸ் இ. இந்த வைரஸ்ல பல வகை இருக்கு. இங்க தண்ணியில பரவுறது முதல் வகை. மத்தவங்களுக்குப் பெரும்பாலும் தானா சரியாயிடும். கர்ப்பத்தோட கடைசி மாசங்கள்ல வந்தா ஈரலையே அடிச்சிடலாம்."

"மருந்து?"

"இதுக்குன்னு தனியா இல்லம்மா. பார்த்துக்கிட்டே இருப்போம்."

மணிக்கொரு தடவை நர்ஸ் கேட்கிறாள். பேர் என்ன? இன்று என்ன கிழமை? பதில் குழம்பினால், ஈரல் வடிகட்டாத நஞ்சு மூளைக்கு ஏறுகிறது என்று அர்த்தம். கண் மூடப் பயம். வாய்க்குள் கிழமையைச் சொல்லிக்கொண்டே கிடந்தேன்.

புதன். மதியம் ஒன்றரை. மும்தாஜுக்கு ரத்தப்போக்கு. நிற்கவில்லை. மானிட்டர் விட்டு விட்டு ஒலித்தது. பிறகு ஒரே நீள ஒலி. திரையை இழுத்தார்கள். வெளியே ரஃபீக்கின் குரல் கேட்டது.

வெள்ளி. காலை. என் குழந்தை அசையவில்லை. வயிற்றில் கருவியை வைத்துத் துடிப்பைத் தேடுகிறார் டாக்டரம்மா. கரகரப்பு மட்டும்.

"இன்னொரு தடவை பாருங்கம்மா."

பார்த்தார். கரகரப்பு.

திங்கள். பெயரைச் சரியாகச் சொன்னேன். பிழைத்தேன். என் கணவரும் அதே தண்ணீரைத்தான் குடித்தார். ஒரு காய்ச்சல்கூட இல்லை.

மும்தாஜ். வயது இருபத்து நான்கு. அவள் வயிற்றோடு போன ஆண்பிள்ளை. மூச்சில்லாமல் பிறந்த என் மகள். மூன்று பேர்.