மாடியில் நிற்கும் போட்டு

பேருந்து வானகரம் சிக்னலில் நின்றபோது, பின்னிருக்கையில் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது.

"மாடியில கீற போட்டு ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது மாமே."

வானம் கறுத்திருந்தது. மாடியில் படகா? நான் திரும்பவில்லை. காதை மட்டும் பின்னால் விட்டுவைத்தேன்.

"மாடியில இன்னாத்துக்கு போட்டு?" என்றார் கூட வந்தவர்.

"போன மழைக்கு ஏரித் தண்ணி தெருவுக்குள்ள பூந்துச்சில்ல. தெருக்காரங்க சேந்து பழசு ஒண்ணு வாங்கினோம். வெக்க எடமில்ல, எங்க ஊட்டு மாடியில ஏத்திட்டோம். எதிர் ஊட்டுப் பொண்ணு வேற இப்போ நெறமாசம், தண்ணி வந்தா இதுலதான் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவணும்."

"மோட்டாரு இன்னா பண்ணுது?"

"பட்டன அமுக்குனா ஸ்டார்ட்டரு மட்டும் கிர்ருனு சுத்துது. எஞ்சின் அசையல. பேட்டரி புதுசு."

"ஸ்டார்ட்டர் தண்டுல சின்னதா ஒரு பல்சக்கரம் கீதுல்ல, அது மேல ஏறி பெரிய சக்கரத்த புடிக்கணும். ஏறாம வழுக்குது. கிரீஸ் ஏதாச்சும் வெச்சியா?"

"ஆயுத பூஜைக்கு தையல் மிஷின், சைக்கிள் செயின் எல்லாத்துக்கும் வெச்சேன். அதுக்கு மட்டும் வெக்காம உட்டா நல்லாவா இருக்கும்? தாராளமாவே வெச்சேன்."

"அதான் கெடுத்துகினே. கிரீஸ்ல தூசி ஒட்டி இறுகிடுச்சின்னா சக்கரம் எப்டி ஏறும்? சுத்தமா தொடச்சி, பெட்ரோல்ல கழுவி, காயவுடு."

ஜன்னலில் தூறல் விழுந்தது. படகுக்காரர் வீட்டுக்குப் போன் போட்டார்.

"மேல போயி மோட்டாருல நான் தடவின கிரீஸ துணியால தொடச்சி வெய்யி. மீதிய வந்து பாத்துக்கறேன்... இன்னாது, பூஜைக்கு வெச்ச சந்தனப் பொட்டையும் தொடைக்கணுமா?"

பின்னால் ஜன்னலை இழுத்து மூடும் சத்தம் கேட்டது.

"அது இருக்கட்டும். மழ வருது."