நான்காம் எண்ணுக்குக் கிடைத்த பாராட்டு

இந்த அவையைத் தலைமையேற்று நடத்தும் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் முதியோர்களே, மடியில் பிள்ளையும் கையில் விசிறியுமாக இந்த மாலைப் புழுக்கத்தைப் பொறுத்திருக்கும் தாய்மார்களே, புந்தோங்கின் நாலா திசையிலிருந்தும் வந்திருக்கும் நண்பர்களே, உள்ளே வரலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யாமல் வாசலில் நிற்கும் இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

மேடை எனக்குப் பழக்கமில்லை. பள்ளியில் அறிவியல் சொல்லிக் கொடுப்பவள் நான். சோதித்துப் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ளாதவள் என்று நம் மாதர் கழகத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. சிரிக்கிறீர்கள். அது பாராட்டு இல்லை என்பது எனக்கும் தெரியும். அந்தப் பெயரை நம்பித்தான் கழகம் என்னிடம் ஒரு சின்ன வேலையைக் கொடுத்தது. மலிவு விலை இயர்போன்களில் எது நன்றாக ஒலிக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்து உட்கார்ந்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் நான் கண்டது என்னை உலுக்கிவிட்டது. அந்த அதிர்ச்சியோடுதான் உங்கள்முன் நிற்கிறேன்.

இயர்போன் எதற்கு என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். தமிழ்ப்பள்ளியை முடித்த நம் பிள்ளைகள், இடைநிலைப் பாடத்துக்கு முன் மலாய்மொழிக்காக ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்காருகிறார்கள். அவர்களுக்குக் கழகம் சனிக்கிழமைதோறும் மலாய் கேட்டல் வகுப்பு நடத்துகிறது. பக்கத்தில் மோட்டார் பட்டறை. சுத்தியல் விழுந்தால் சொல் விழாது. ஆகவே ஒரே டேப் ரெக்கார்டரிலிருந்து வயர்களைப் பிரித்து, காதுக்குள் செருகும் சின்ன இயர்போன்களைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். ஒரு பிள்ளையின் காதுச் சீழ் இன்னொரு பிள்ளைக்கு ஒட்டிவிடும் என்று தாய்மார்கள் கவலைப்பட்டார்கள். சரியான கவலைதான். ஆளுக்கொரு இயர்போன், அதற்கொரு துணிப்பை, பையின்மேல் தாய் கையால் தைத்த பெயர் என்று ஏற்பாடாயிற்று.

அவை பழசாகிவிட்டன. புதிதாக வாங்க, நம் நஜ்முதீன் பாய் தம் கடையிலிருந்து மூன்று வகை மாதிரிகளைக் கொடுத்தார். ஒப்பிட்டுப் பார்க்கப் பழசில் ஒன்று வேண்டுமே? அலமாரியில் சும்மா கிடந்த ஒன்றை, பெயரைக்கூடப் பார்க்காமல் பையிலிருந்து எடுத்து, நான்காம் எண் ஒட்டினேன். எட்டுப் பேரை அழைத்தேன். ஒருவர் சொல்வதைக் கேட்டு மற்றவர் சொல்லிவிடக் கூடாது என்று தனித்தனியாக உள்ளறைக்கு வரச் சொன்னேன். எல்லாருக்கும் ஒரே கேசட், அதில் ஒரே மலாய் வாசிப்பு. என் கருத்து யாரையும் இழுத்துவிடக் கூடாது என்பதால் நான் கடைசியில் கேட்பதாக முடிவு.

முதலில் வந்தவர் நம் கருப்பம்மாள் அக்கா. அதோ, தலையைக் குனிந்துகொள்கிறார். வேண்டாம் அக்கா, நிமிர்ந்து உட்காருங்கள். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். முதல் இயர்போனைக் காதில் வைத்ததும், "தகரக் கூரையில மழ பேஞ்ச மாதிரி இருக்கு டீச்சரம்மா, ஆனா நல்லாத்தான் இருக்கு" என்றார். இரண்டாவதைக் கேட்டு, பக்கத்து வீட்டுக்காரி வேலியோரம் நின்று பேசுவதுபோல் இருக்கிறது, அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். மூன்றாவதில் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுகிறார்களாம். அதுவும் நன்றாம். நான்காவதை வைத்துக்கொண்டு நெடுநேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு சொன்னார்: "இதுதான் டீச்சரம்மா சாதுவா இருக்கு. காத உறுத்தல."

அவருக்குப் பின் வந்தவர்களும் அப்படியே. ஒருவர் நான்காவது இதமாக இருக்கிறது என்றார். ஒருவர், பழைய சாமான் பழைய சாமான்தான், இப்போது இப்படி யார் செய்கிறார்கள் என்று பெருமூச்சு விட்டார். ஒருவர் இதுதான் என்று தலையை ஆட்டினார். நன்றாக இல்லை என்று எட்டுப் பேரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

கடைசியில் என் முறை வந்தது. முதல் மூன்றையும் கேட்டேன். கருப்பம்மாள் அக்கா சொன்ன மழையும் வேலியும் கிணறும் எனக்கும் கேட்டன. அவர் செவி அவ்வளவு துல்லியம். நான்காவதைச் செருகினேன்.

ஒன்றுமில்லை.

வயரைத் திருகிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் என் ரேடியோவில் செருகிப் பார்த்தேன். அங்கும் ஒன்றுமில்லை. செருகுமுனையின் கழுத்தில் உள்ளே கம்பி அறுந்திருந்தது. அது இயர்போனே இல்லை, வெறும் வயர்.

அவையோரே, ஒலியே இல்லாத ஒன்றின் ஒலியை எட்டுப் பேர் ஒப்புக்கொண்டார்கள். இவர்கள் பொய்யர்களா? ஒரு நாளும் இல்லை. செவி மந்தமானவர்களா? தகர மழையையும் கிணற்றுக் குரலையும் பிரித்துச் சொன்ன செவிகள் மந்தமா? பிறகு ஏன்? இதை நான் யாரிடம் போய்க் கேட்பேன்? கருப்பம்மாள் அக்காவிடமே கேட்டேன். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

"கேக்கலதான் டீச்சரம்மா. கொற நம்ம காதுலன்னு நெனச்சேன். தோட்டத்து ஆஸ்பத்திரில டிரெஸர் ஊத்துன மருந்துல காய்ச்சல் நிக்கலன்னா, மருந்தயா கொற சொன்னோம்? நம்ம ஒடம்பு சரியில்லன்னுதான சொன்னோம்."

மற்ற ஏழு பேரையும் கேட்டேன். சொற்கள் வேறு, பொருள் ஒன்றே. எல்லாருக்கும் கேட்டிருக்கும், தமக்கு மட்டுந்தான் கேட்கவில்லை என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். இன்னொருவர்முன் தன் காதைக் காட்டிக்கொடுக்க யாருக்கு மனம் வரும்?

இதோடு முடிந்திருந்தால் இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்திருப்பேன். முடியவில்லை. அந்த இயர்போனைத் திருப்பி வைக்கப் பையை எடுத்தேன். பையின்மேல் சிவப்பு நூலில் ஒரு பெயர் இருந்தது. பாப்பா.

பாப்பாவை உங்களில் பலர் அறிவீர்கள். பிச்சைமுத்து அண்ணனின் மகள். ஈயச் சுரங்கத்தில் லாரி ஓட்டிய அண்ணனுக்கு, ஈய விலை விழுந்தபிறகு நிலையான வேலை இல்லை. அந்தப் பிள்ளை நம் வகுப்பில் பல மாதம் உட்கார்ந்தது. கேசட் முடிந்து கேள்வி கேட்டால் பதில் வராது. இந்தப் பிள்ளைக்கு மலாய் ஏறாது என்று வகுப்பு முடிவு செய்தது. அப்பாவுக்கும் சொல்லி அனுப்பியது. அவரும் நம்பினார். பள்ளியையே நிறுத்தி, ஆயர் தாவாரில் தம் தங்கை வைத்திருக்கும் தையல்கடைக்கு அனுப்ப முடிவு செய்துவிட்டார். பாப்பா பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். அதனால்தான் அது அலமாரியில் சும்மா கிடந்தது.

கேளாத காதில்லை, கேட்காத கருவி. கற்காத பிள்ளையில்லை, கற்பிக்காத கம்பி. அந்த அறுந்த கம்பிக்காக ஒரு பிள்ளையின் படிப்பை அறுக்கவிருந்தோம்.

கருப்பம்மாள் அக்காவை அழைத்துக்கொண்டு வியாழக்கிழமை மாலை அந்த வீட்டுக்குப் போனேன். ஞாயிறு காலை பஸ்ஸுக்கு மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். நான் வாதாடவில்லை. டேப் ரெக்கார்டரை வைத்து, அந்த நான்காம் எண்ணைப் பாப்பாவின் காதில் வைக்கச் சொல்லி, கேட்கிறதா என்றேன்.

அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்தது, அப்பாவின் முகத்தைப் பார்த்தது. "கேக்குது டீச்சர்" என்றது.

தாய்மார்களே, ஆய்வுக்கூடத்தில் அமிலம் தெறித்துப் பார்த்திருக்கிறேன். அதைவிட இந்த இரண்டு சொல் என்னை நடுங்க வைத்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதை யார் கற்றுக்கொடுத்தது?

பிச்சைமுத்து அண்ணன் அதை வாங்கித் தம் காதில் வைத்தார். எழுந்தார். மீண்டும் உட்கார்ந்தார். அவரும் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிடுவாரோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணுமே கேக்கலயே டீச்சர். இது ரோசாக்லா."

கெட்டுப்போனதைக் கெட்டது என்று முதலில் சொன்ன மனிதர் அவர். மகளிடம் திரும்பி, எத்தனை நாளாக இப்படி என்றார். முதல் நாளிலிருந்தே என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"எல்லாருக்கும் கேக்குதுப்பா. எனக்கு மட்டும் கேக்கலன்னா, செவிடுன்னு சிரிப்பாங்க."

அண்ணன் வெளியே போய், வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். நான் இரண்டாம் எண்ணை எடுத்துப் பாப்பாவின் இரு காதிலும் வைத்தேன். கேசட் ஓடியது. பிள்ளையின் கண்கள் விரிந்தன. வாசிப்பு நின்றதும், கேட்ட முழு வாக்கியத்தையும் மலாயில் அப்படியே திருப்பிச் சொன்னாள். வாசலில் செருப்புச் சத்தம் நின்றது. பிறகு பாப்பா மெதுவாக, மிக மெதுவாகச் சொன்னாள்: "டீச்சர், எடது பக்கம் கொஞ்சம் கரகரங்குது."

கைதட்டுங்கள். ஆம், இதற்குத்தான் கைதட்ட வேண்டும். அந்த முணுமுணுப்பைவிட அழகான மேடைப்பேச்சு ஒன்றை நான் கேட்டதில்லை.

இப்போது என் முடிவைச் சொல்ல வேண்டும். இரண்டாம் எண்ணை வாங்கலாம். மனிதக் குரல் அதில்தான் மனிதக் குரலாக இருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை. ஒவ்வொன்றையும் அதைப் போட்டுக்கொள்ளப்போகும் பிள்ளையே கேட்டுப் பார்த்து, வேண்டாம் என்றால் திருப்பித் தரும். நஜ்முதீன் பாயிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "புள்ளைங்க வேணாம்னா நான் எடுத்துக்கிறேன் டீச்சர். கருப்பம்மாள் அக்காவ மட்டும் சோதிக்க அனுப்பாதீங்க. அவங்களுக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும்" என்றார். அக்காவும் விடவில்லை. இனிமேல் குறை சொல்வதைப் பாய் வீட்டுக் கறியிலிருந்தே ஆரம்பிக்கப்போகிறாராம்.

அவையோரே, நம் ரப்பர்த் தோட்டம் துண்டாடப்பட்டு, வீட்டுமனையாகி, நாம் நகரத்துக்கு வந்துவிட்டோம். ஆனால் கொடுத்ததெல்லாம் நல்லது, குறையெல்லாம் நம்முடையது என்ற பணிவை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டோமே, அதை எப்போது இறக்கி வைப்பது? மருந்து பலிக்காவிட்டால் மருந்தைக் கேளுங்கள். பாடம் புரியாவிட்டால் பாடத்தைக் கேளுங்கள். கருவி ஒலிக்காவிட்டால் கருவியைக் கேளுங்கள். உங்கள் காதை நீங்களே சந்தேகிப்பது கடைசியாக இருக்கட்டும்.

ஆயர் தாவார் பஸ் நாளைக் காலை புறப்படும். பாப்பா அதில் போகவில்லை. இன்று காலை அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்து வகுப்பில் விட்ட பிச்சைமுத்து அண்ணன், அவளுக்கு நான் கொடுத்திருந்த இரண்டாம் எண்ணைத் தாமே ஒருமுறை காதில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலை தேடிப் போனார்.

அவருக்கும், தம் பெயரைச் சொல்ல இடம் கொடுத்த கருப்பம்மாள் அக்காவுக்கும், இவ்வளவு நேரம் செவி கொடுத்த உங்களுக்கும் என் நன்றி. நான் பேசியதில் பிடிக்காதது இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து நேராகச் சொல்லுங்கள். காத்திருப்பேன். வணக்கம்.