கடலைத் திட்டினவள்

எனக்கு எழுத்து சரியாக வராது, மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள். வல்லத்திலிருந்து செஞ்சிக்கு வந்த பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். நாற்பது வயது அண்ணி பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சை எழுதப் போகிறாள். நாத்தனார் கைடை வைத்துக்கொண்டு ஒரு பாட்டிலிருந்து கேள்வி கேட்டாள். கப்பலேறிப் போனவனுக்காகக் கரையில் நிற்கும் பெண்ணின் பழைய பாட்டு அது.

“கடலே, நீ எவ்ளோ கத்தினாலும் நான் போவமாட்டேன்றாளே, இன்னா அர்த்தம் அண்ணி?”

“கடலைத் திட்டுறா.”

“கைடுல, பிரிவு தாங்காம அழுவறான்னு போட்டிருக்குது.”

“கைடு எழுதினவரு கரையில நின்னாரா?”

“நீங்க மட்டும்? கடலையே பாத்ததில்ல.”

“செஞ்சி பஸ் ஸ்டாண்டுல நின்னேனே. உங்கண்ணன் சென்னை பஸ் ஏறிப் போயி மூணு வருஷமா திரும்பல. அன்னிக்கு அழுதனா நானு?”

“எங்க அழுதீங்க? போற பஸ்ஸை ஊரே கேக்கத் திட்டினீங்க.”

“அதான்.”

“போன தடவ இதையே எழுதி, ரெண்டு மார்க்குல ஃபெயிலு. பாஸானாதான் அங்கன்வாடி வேலை. அழுவறான்னு எழுதிடுங்க அண்ணி.”

“மாட்டேன். மத்த பாட்டுல மார்க்கு எடுத்துக்கறேன். இவளை அழ வைக்கமாட்டேன்.”

பஸ் நின்றது. நாத்தனார் கைடை மூடிப் பையில் போட்டாள்.

“அப்ப நல்லா திட்டுறான்னே எழுதுங்க. எங்கண்ணனுக்கும் சேர்த்து.”

பாட்டின் பெயர் எனக்கு மறந்துவிட்டது. படித்தவர்கள் யாராவது பார்த்து, அவள் அழுகிறாளா, திட்டுகிறாளா என்று சொல்லுங்கள்.