ஏழாவது ஸ்லைடு

– ஏழாவது ஸ்லைடைத் திறடி. புரொஜெக்டர்ல போடாத, உன் லேப்டாப்லயே திற. யாராவது உள்ள வந்துடப் போறாங்க.

– இன்னும் கொஞ்ச நேரத்துல எல்லாரும் வந்துடுவாங்கக்கா. இப்ப எதுக்கு?

– மண்ணு அதிர்ந்தா மண்புழு மேல வந்துடும்னு போட்டிருக்க. கீழ ஒரு பழைய ஆய்வுக் கட்டுரையைச் சான்றா காட்டியிருக்க. அதைப் படிச்சியா?

– படிச்சேனே.

– பொய் சொல்லாத. நேத்து நூலகத்துல பழைய இதழெல்லாம் அடுக்கியிருக்கற மூலைல தும்மித் தும்மித் தேடி எடுத்து, முதல் வரியிலேர்ந்து கடைசி வரிவரைக்கும் நான் படிச்சேன். ஈர மண்ணுல ஒரு புழுகூட மேல வரலைன்னு உள்ள தெளிவா இருக்கு. முன்னாடி போட்டிருக்கற சுருக்கத்துலதான் அதை விட்டுட்டாங்க. நீ சுருக்கத்தோட எழுந்து வந்துட்ட. நுனிப்புல் மேஞ்சிருக்க.

– முழுக் கட்டுரையும் படிச்சியா? நீயா?

– ஏன், நான் படிக்கக் கூடாதா?

– இல்லக்கா, வீட்டுல ஒரே மேஜைலதானே படிக்கறோம். நீ சுருக்கத்தைத் தாண்டிப் படிச்சு நான் பாத்ததே இல்ல. அதான் கேட்டேன்.

– உன்னாலதான் படிச்சேன், போதுமா? வயிறு எரியுதுடி எனக்கு. மூணு வருஷமா நம்ம துறைத் தலைவர் மேடம் ரூம் வாசல்ல நின்னு கேக்கறேன், ஒரே ஒரு தடவை பேச விடுங்கன்னு. "அப்புறம் பாக்கலாம்மா"ன்னே அனுப்பிட்டாங்க. நீ போன ஜூன்ல வந்து சேந்தவ. உன்னைக் கூப்பிட்டு மொத்தத் துறைக்கும் முன்னாடி நிறுத்தறாங்க. அப்பா வேற லீவு போட்டுட்டு வராரு. எனக்காக என்னைக்காவது லீவு போட்டிருக்காரா?

– அதுக்காக என்கிட்ட தப்பு தேடினியா?

– தேடினேன். கிடைச்சப்ப எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? ராத்திரி நல்லாத் தூங்கினேன்.

– நேத்தே என்கிட்ட சொல்லியிருக்கலாமே.

– மேடத்துக்கிட்ட சொல்லிட்டேன். காலைல மெயில் போட்டேன். சான்றையே படிக்காதவ பேசினா துறை மானம் போயிடும், அவளுக்குப் பதிலா நான் பேசறேன்னு.

– ஐயோ, அக்கா.

– என்ன ஐயோ? உப்பைத் தின்னவ தண்ணி குடிச்சுத்தான் ஆகணும்.

– எட்டாவது ஸ்லைடைப் பாக்கவே இல்லையா நீ?

– ஏழுலயே எனக்கு வேண்டியது கிடைச்சுடுச்சு. எட்டு எதுக்கு?

– என் பேச்சே எட்டுலதான்கா ஆரம்பிக்குது. ஏழுல இருக்கறது எல்லாரும் நம்பிக்கிட்டிருக்கற தப்பு. மொதல்ல எல்லாரும் அதுக்குத் தலையாட்டட்டும், அப்புறம் அடுத்ததைக் காட்டுன்னு மேடம்தான் சொல்லிக் குடுத்தாங்க.

– மேடத்துக்குத் தெரியுமா?

– மொத்தத்தையும் ரெண்டு தடவை பாத்துட்டாங்க.

– அப்ப என் மெயிலு? சரி, தள்ளு. நான் பாக்கறேன்.

– வேணாம்க்கா. வா, அப்பா வந்துட்டாரான்னு பாக்கலாம்.

– கையை எடுடி. இது என்ன, ஒரே அம்புக்குறியா இருக்கு?

– அந்தக் கட்டுரையைப் படிக்காமலே, முன்னாடி எழுதினவங்களைப் பாத்து அதையே சான்றா காட்டினவங்க. ஒருத்தர்கிட்டேர்ந்து அடுத்தவர் எடுத்துக்கிட்டே வந்திருக்காங்க. ஒவ்வொரு கட்டத்துலயும் ஒருத்தர் பேரு.

– கடைசி அம்பு நம்ம துறைக்கு வருது. கட்டம் மட்டும் காலியா இருக்கு. இது யாரு?

– விடுக்கா.

– சொல்லுடி.

– உன்னோட ரெண்டாம் வருஷ ரிப்போர்ட்டுக்கா. அப்பா வராருன்னு தெரிஞ்சதும் பேரை அழிச்சுட்டேன்.