அம்மாவுக்கு ஒரு சடங்கு

சிங்கப்பூரில் தேக்காவுக்குப் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஓர் அம்மாவும் வேலைக்குப் போகும் வயதில் மகளும். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் தலைநிமிர்ந்து சொன்னாள்:

“ம்மா, உங்களுக்கு ஒரு சடங்கு வைக்கலாம்னு இருக்கேன்.”

“எனக்கா? எதுக்குடி?”

“பீரியட்ஸ் நின்னு ஒரு வருஷம் ஆச்சுல்ல.”

“மெதுவா பேசு. பஸ் முழுக்க நம்மாளுங்க.”

“நான் வயசுக்கு வந்தப்ப நீங்க மெதுவாவா பேசுனீங்க? ஹால் புக் பண்ணி, வாசல்ல ஆளுயரத்துக்கு என் போட்டோ வச்சீங்க. கூடப் படிச்ச சைனீஸ் பிள்ளைங்க மாப்பிள்ளை எங்கன்னு கேட்டாங்க.”

“அழகாத்தான இருந்த.”

“கூச்சமா இருந்துச்சு. இப்ப உங்க டர்ன் லா.”

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபம் என்றுதான் நானும் நினைத்தேன். தேக்கா வந்ததும் கைப்பையோடு எழுந்தார்.

“போட்டோ வேணாம். புடவை பச்சையில எடு. தாய்மாமன் சீருக்கு எங்க மாமாகிட்ட நான் பேசுறேன்.”

“அவரு வீல்சேர்ல இருக்காரேம்மா.”

“அதனால என்ன? சீர்த்தட்ட மடியில வச்சுக்கிட்டு வருவாரு.”