சேசுராஜ் மச்சான் கல்லூரி பார்த்த கதை

மாலையின் கனத்தில் கழுத்தைத் திருப்ப முடியாமல் தலைமை தாங்கும் அண்ணன் பாண்டுரங்கன் அவர்களே! ஆன்றோரே, சான்றோரே! அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடு வந்து அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! பக்கத்தில் இருக்கும் ராஜகிரிக் கோட்டையைச் செல்போனில் மட்டுமே ஏறிப் பார்த்திருக்கும் இளைஞர் பட்டாளமே! பட்டம் பெற்ற நம் பிள்ளைகளைப் பாராட்டும் இந்த இனிய மாலையில், இருதயநாதன் வணங்குகிறேன்!

பட்டம் வாங்கியாயிற்று. அடுத்து என்ன? ஆசிரியர் ஆக வேண்டும், அதற்கு பி.எட். படிக்க வேண்டும். எங்கே படிப்பது? கட்டடம் உயர்ந்த கல்லூரியிலா? கற்பித்தல் உயர்ந்த கல்லூரியிலா? கேள்வி எளிது, பதில் எளிதா? இதோ, முதல் வரிசையில் மீசையைத் தடவிக்கொண்டிருக்கிறாரே என் தங்கை வீட்டுக்காரர் சேசுராஜ், அவரைக் கேளுங்கள்! மகள் லில்லியை எங்கே சேர்ப்பது என்று இந்த நொடி வரை வாய் திறக்கவில்லை. சேர்க்கைக்கு நாளைதான் கடைசி நாள்.

போன வாரம் மச்சான் வேன் பிடித்தார். எதற்கு? கல்லூரி பார்க்க! எப்படி? மாப்பிள்ளை பார்க்கப் போகிற மாதிரி! தாம்பாளத்தில் பழம், பூ, வெற்றிலை; வேன் நிறையச் சொந்தம். பேசத் தெரிந்தவன் என்று என்னையும் அள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

முதல் கல்லூரி. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே வக்கீல் நோட்டீஸ் வரும். வாசலில் வளைவு, வளைவுக்குள் நீரூற்று, நீரூற்றுக்குள் வாத்து! உயிருள்ள வாத்து, தாய்மார்களே! என் தங்கை ஸ்டெல்லா வாத்தைப் பார்த்தே சம்பந்தத்தை முடித்துவிட்டாள். அலுவலகத்தில் ஒருவர் குழைந்தார்: “பாப்பா க்ளாஸுக்கெல்லாம் வரவே வாணாம் சார். பரீட்சைக்கு வந்தாப் போதும், சர்ட்டிபிகேட்டு கைல வந்துடும்.”

மச்சான் பூரித்துப்போனார். “இன்னா வசதி பாத்தியா! பொண்ணு ஊட்லயே இருக்கும்!”

இரண்டாவது கல்லூரிக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். தகரக் கூரை. வாத்து இல்லை. ஆனால் உள்ளே ஒரு பெண், தன்னோடு படிப்பவர்களையே மாணவர்களாக உட்காரவைத்துப் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தாள். தடுமாறினாள், திருத்தினார்கள், மறுபடி நடத்தினாள். லில்லி சன்னலை விட்டு நகரவே இல்லை. மச்சானோ கூரையைப் பார்த்தார். “மொத காலேஜையே முடிச்சிடலாம்” என்றார்.

வேனுக்குத் திரும்பினோம். ஓட்டுநர் பிரவின் டீ குடிக்கப் போயிருந்தான். அவன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள் லில்லி! சாவியைத் திருகினாள்! வேன் உறுமியது. உள்ளே இருந்த சொந்தமெல்லாம் “சேசுவே! மாதாவே!” என்று அலறியது.

“எறங்குடி! ஒனக்கு ஓட்டத் தெரியுமா?”

“தெரியாது நைனா. லைசென்ஸ் மட்டும் வாங்கிக் குடு. ஓட்டிப் பழக வாணாம்.”

“வெளாட்றியா? வண்டியில இத்தினி பேரு உசுரு இருக்குது!”

“என் க்ளாஸ்ல இதவிட அதிகம் பேரு இருப்பாங்க நைனா.”

அவ்வளவுதான். பிரவின் டீ குடித்துவிட்டு வந்து வேனை எடுத்தான், வீடு வந்து சேர்ந்தோம்.

யாரப்பா பின்னால், “அப்பறம் இன்னா ஆச்சு?” என்று கேட்பது? எனக்கும் தெரியாதே! வீட்டில் கேட்டேன், பதிலில்லை. அதனால்தான் மைக் வைத்துக் கேட்கிறேன். மச்சான்! நடத்திப் பழகாத பெண்ணை நாற்பது பிள்ளைகள் முன் நிறுத்துவது நியாயமா? அந்தப் பிள்ளைகள் யார்? அனந்தபுரத்துப் பிள்ளை, சீயமங்கலத்துப் பிள்ளை, சந்தேகம் கேட்க அஞ்சிப் பின்வரிசையில் ஒடுங்கும் பிள்ளை! நம் பிள்ளை இல்லையா? நம் இரத்தம் இல்லையா? சொல்லுங்கள் மச்சான்!

அட, எழுந்துவிட்டாரே! முறைக்காதீங்க. தம்பி, அந்த மைக்கை அவரிடம் கொடு.

“இவன்கிட்ட மைக்கைக் குடுத்ததே தப்பு. எனக்கும் அன்னிக்கே புரிஞ்சிபோச்சி. பொண்ண தனியா ரெண்டு பஸ் மாத்தி அனுப்ப பயமா இருக்குது, அதான் வாயத் தொறக்கல. பயந்தா ஆவுமா? காலைல நானே கூட்டிம்போயி அந்தச் சின்ன காலேஜ்ல சேத்துட்டு வரேன். போதுமா?”

கேட்டீர்களா! தட்டுங்கள் கையை! லில்லி அழுகிறாள், அழட்டும், என் கண்ணும்தான் கலங்குகிறது.

பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. எந்த மேடையும் வணக்கம் சொல்லாத ஒரு கூட்டம் இங்கே இருக்கிறது. மேடைக்கு முன்னால் தரையில் சம்மணமிட்டு, ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டிருக்கும் ஆறாம் வகுப்புச் செல்வங்களே! பாடம் நடத்தப் பழகிக்கொண்ட பிறகே உங்களிடம் வரப்போகிறார் ஒரு டீச்சர். உங்களுக்கு என் வணக்கம்!